அலுவலகத்தில் ஒருவரைக் கட்டம் கட்டுவது எப்படித் தொடங்குகிறது?

அலுவலகக் கொடுமைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விளக்கங்கள் உடனே வந்து விழும். "அந்த மேனேஜர் ஒரு சைக்கோ" என்பது ஒன்று. "இவனும் கொஞ்சம் நிமிர்ந்து பேசியிருக்கலாம்" என்பது இன்னொன்று. முதலாவது பழி முழுவதையும் ஒரு கெட்ட மனிதரின் தலையில் கட்டுகிறது. இரண்டாவது அதையே பாதிக்கப்பட்டவரின் தலையில் கட்டுகிறது. இரண்டிலும் ஒரே வசதிதான்: அதே அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள்.

இந்த விஷயத்தைச் சோதித்துப் பார்த்த உளவியலாளர்கள் வந்து சேர்ந்த இடம் வேறு. முன்முடிவும் துன்புறுத்தலும் பெரும்பாலும் சாதாரண மனங்களின் சாதாரணப் பழக்கங்களில் தொடங்குகின்றன. அந்தப் பழக்கங்களுக்கு அதிகாரமும் சேர்ந்து, தடுக்க யாரும் இல்லாமல் போகும்போது அவை கொடுமையாக வளர்கின்றன. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் எனக்கு இதில்தான் நம்பிக்கை தெரிகிறது. கெட்ட மனிதர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து ஒதுக்கிவைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. பழக்கங்களையும் நடைமுறைகளையும் மாற்ற முடியும்.

## எதை எந்தப் பெயரால் அழைப்பது

டார்ச்சர், டாக்சிக், பாலிடிக்ஸ், ஓரவஞ்சனை, பழிவாங்கல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முதலில் நான்கு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

ஒரு கூட்டத்தைப் பற்றி நம் தலைக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் படத்துக்கு வார்ப்பெண்ணம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். "தமிழ் மீடியம் பசங்களுக்குக் கிளையன்ட்கிட்ட பேச வராது", "கல்யாணமான பெண்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிடுவாங்க", "ஐம்பது வயசுக்கு மேல யாரும் புதுசா கத்துக்க மாட்டாங்க" என்பவையெல்லாம் இந்த வகை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, ஆளோடு பழகுவதற்கு முன்பே அவர்மேல் ஏற்படும் ஏளனமோ வெறுப்போ அவநம்பிக்கையோ முன்முடிவு. அது மனதுக்குள் இருப்பது. அது செயலாக வெளியே வந்து ஒருவரின் வாய்ப்பைப் பறித்தால் பாகுபாடு. நேர்காணலுக்குக் கூப்பிடாமல் விடுவது, நல்ல புராஜெக்ட் தராமல் இருப்பது, பதவி உயர்வுப் பட்டியலில் பெயரை விட்டுவிடுவது எல்லாம் பாகுபாடுகளே.

நான்காவது துன்புறுத்தல். குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து, திரும்பத் திரும்ப, அவர் எளிதில் எதிர்க்க முடியாத நிலையில் வைத்து நோகடிப்பது. இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஹைன்ஸ் லேமன். ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் 1980-களில் ஓர் அளவுகோல் வைத்தார்: வாரத்துக்கு ஒருமுறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் அது துன்புறுத்தல். அதோடு, வேலை செய்யும் இடங்களில் நடக்கும் 45 வகைச் செயல்களையும் பட்டியலிட்டார்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் கத்துவதும் திட்டுவதும் அதில் சிறு பகுதிதான். பேசும்போதெல்லாம் குறுக்கிடுவது, ஆள் இருப்பதையே கவனிக்காததுபோல நடந்துகொள்வது, முதுகுக்குப் பின்னால் பேசுவது, செய்ய வேலையே கொடுக்காமல் உட்காரவைப்பது, தகுதிக்குக் கீழான வேலையாகப் பார்த்துக் கொடுப்பது ஆகியவை எல்லாம் அதில் உண்டு. சத்தமே இல்லாமல் ஒரு மனிதரை உடைத்துவிட முடியும் என்பதை லேமன் ஆவணமாக்கினார். ஸ்வீடன் 1993-இலேயே இதற்காகத் தனி விதிமுறை கொண்டுவந்தது.

இந்த அளவுகோலின்படி ஒருநாள் கோபத்தில் திட்டுவது துன்புறுத்தல் ஆகாது. எல்லோருக்கும் ஒரேமாதிரி கடுமையாக வைக்கப்படும் கெடுவும் ஆகாது. அவை தவறாக இருக்கலாம், ஆனால் வேறு தவறு. இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் டார்ச்சர் என்று சொல்லிப் பழகிவிட்ட இடத்தில், உண்மையாகவே சித்திரவதைப்படுகிறவர் வந்து சொல்லும்போது யாரும் காது கொடுப்பதில்லை.

## வட்டம் எப்படி உருவாகிறது

விழுப்புரம் ஸ்டேஷனில் சென்னை போகும் ரயிலின் பொதுப் பெட்டி வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு "இடம் இல்ல, பின்னாடி பெட்டிக்குப் போங்க" என்கிறார்கள். கீழே நிற்பவர் கெஞ்சி, திட்டி, எப்படியோ இடித்து ஏறிவிடுகிறார். வண்டி திண்டிவனம் வரும்போது வாசலில் நின்றுகொண்டு "இடம் இல்ல" என்று சொல்பவர்களில் அவரும் ஒருவராக இருப்பார். கீழே நிற்பவர்கள்மேல் அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. சற்று முன்பு அவரும் அங்கேதான் நின்றார். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார், அவ்வளவுதான் மாறியது.

இதைச் சோதனைக்கூடத்தில் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து, ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாகச் சிக்கி உயிர்பிழைத்தார். போர் முடிந்து திரும்பியபோது அவர் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. மனிதர்கள் மனிதர்களுக்கு இதை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. பகைக்கு நீண்ட வரலாறு வேண்டுமா, போட்டி வேண்டுமா, இல்லை வெறும் பிரிவு மட்டுமே போதுமா என்று பார்க்க நினைத்தார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை அழைத்து, திரையில் தெரிந்த புள்ளிகள் எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார். அடுத்த சோதனையில் பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அதை வைத்துத்தான் குழு பிரிப்பதாக அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குருட்டாம்போக்கில்தான் பிரித்தார்கள். தன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எந்தச் சிறுவனுக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொருவனும் மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிட வேண்டும். தனக்கே எடுத்துக்கொள்ள வழியில்லை.

1970-71-இல் வெளியான முடிவுகள் பலரையும் திகைக்க வைத்தன. சிறுவர்கள் முகம் தெரியாத தங்கள் குழுவுக்கே சாதகமாகப் பங்கிட்டார்கள். அது மட்டுமில்லை. தங்கள் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதைப் பல சமயம் தேர்ந்தெடுத்தார்கள். லாபத்தைவிட வித்தியாசம் இனித்தது.

நாம் சேர்ந்திருப்பதாக நினைக்கும் கூட்டத்தை உள்வட்டம் என்றும், மற்றதை வெளிவட்டம் என்றும் சொல்வோம். ஒன்றுமில்லாத புள்ளிக் கணக்கே வட்டம் போடப் போதும் என்றால், அலுவலகங்களில் வட்டத்துக்கு என்ன பஞ்சம்? நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர். பல நிறுவனங்களில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டை நிறமே இருவருக்கும் வேறு. பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட். கேம்பஸில் வந்தவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் உள்ளூர்க்காரர், வடமாநிலத்துக்காரர். இவற்றின்மேல் சாதியும் மதமும் பாலினமும் நிறமும் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் பழைய வட்டங்கள் வேறு.

வட்டம் விழுந்ததும் நம் கணக்கு மாறிவிடுகிறது. நம் ஆள் தாமதமாக வந்தால் "டிராஃபிக்கா இருந்திருக்கும்". வெளிவட்டத்து ஆள் தாமதமாக வந்தால் "இவங்களே இப்படித்தான்". நம் ஆளின் தவறுக்குச் சூழ்நிலை காரணம், அவரின் தவறுக்கு அவர் பிறவிக் குணம் காரணம். அவர் நன்றாகச் செய்தாலோ அதிர்ஷ்டம், அல்லது யாரோ உதவியிருக்கிறார்கள். இந்தச் சாய்வை தாமஸ் பெட்டிக்ரூ என்ற சமூக உளவியலாளர் 1979-இல் எடுத்துக்காட்டினார். இப்படிக் கணக்கு வைத்தால் எந்தச் சான்றும் முன்முடிவைத் தொட முடியாது.

இதுவரை பார்த்தது: வட்டம் போடுவது மனதின் பொதுவான பழக்கம். அதற்குப் பகையோ கெட்ட எண்ணமோ தேவையில்லை. எந்த வட்டத்துக்கு எவ்வளவு வலு என்பதைச் சமூகமும் நிறுவனமும் தீர்மானிக்கின்றன.

## பெயரைப் பார்த்ததும்

இது சோதனைக்கூட விளையாட்டோடு நிற்பதில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் தொடங்கி இந்திய நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். மொத்தம் 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுபோல. பெயர் மட்டும் வேறு: சிலவற்றில் உயர்சாதி இந்துப் பெயர், சிலவற்றில் தலித் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர்.

2007-இல் வெளியான முடிவு இது: உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கான அழைப்பு வரும் சாத்தியத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. விண்ணப்பத்தைப் பிரித்தவர்களில் எத்தனை பேர் தங்களைச் சாதி வெறியர் என்று ஒப்புக்கொள்வார்கள்? அநேகமாக ஒருவரும் மாட்டார்கள். முன்முடிவின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. "ஏதோ ஒண்ணு செட் ஆகல" என்ற ஒரு உணர்வாகத்தான் அது உள்ளே வந்து உட்காரும்.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோட்கா, கேத்தரின் நியூமன் இருவரும் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே பார்ப்பதாக எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். அதே அதிகாரிகள் நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், வீட்டில் யார் படித்தவர்கள் என்ற கேள்வியின் வழியாக, தகுதி என்ற சொல்லுக்குள்ளேயே பிறப்பு நுழைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அது பெரிய சாதனைதான். ஆனால் தேடுகிறவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பித்து, "ஊர்ல எந்தப் பக்கம்?", "எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" என்று கேண்டீன் மேஜையில் சிரித்துக்கொண்டே கேட்டு முடித்துவிடுவார்கள். கேட்டவர் அதை நட்பு என்றே நினைத்திருக்கலாம். பதில் சொன்னவருக்கு அடுத்த நாள் காலையிலிருந்து வணக்கத்தின் தொனி மாறியது தெரியும். அப்புறம் அவர் வாங்கும் ஒவ்வொரு ரேட்டிங்குக்கும், அரசு அலுவலகம் என்றால் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும், "கோட்டாவுல வந்தவர்" என்ற விளக்கம் தயாராக இருக்கும்.

## எதிர்பார்ப்பு தானே உண்மையாகிவிடும் விதம்

"நான் முன்முடிவோடு பார்க்கவில்லை, அவர் உண்மையாகவே சரியாகப் பேசவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. இங்கேதான் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 1974-இல் வெளியானது. வெள்ளையின மாணவர்கள் நேர்காணல் செய்பவர்கள். விண்ணப்பதாரர்கள் சிலர் கறுப்பினத்தவர், சிலர் வெள்ளையினத்தவர். கறுப்பின விண்ணப்பதாரர் வந்தபோது, கேட்பவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், நேர்காணலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நேரம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். யாரும் அவமதிப்பாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. இரண்டாவது சோதனையில், பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள் வெள்ளையின விண்ணப்பதாரர்கள் சிலரை அதே குளிர்ந்த முறையில் நடத்தினார்கள். தள்ளி உட்கார்ந்து, தடுமாறிப் பேசி, சீக்கிரம் முடித்தார்கள். நன்றாக நடத்தப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் பதற்றமடைந்து, மோசமாகப் பதில் சொன்னார்கள். தனியாக இருந்து மதிப்பிட்டவர்கள் இவர்களுக்குக் குறைவான மதிப்பெண்ணே போட்டார்கள். கேட்டவரின் நடத்தை பதில் சொன்னவரின் திறமையாக எழுதப்பட்டுவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான ஒரு சான்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குச் சிக்கல்வழிப் புதிர்களைக் கொடுத்து, தீர்ப்பதற்குத் தகுந்தபடி பணம் கொடுத்தார்கள். யாருடைய சாதியும் அறிவிக்கப்படாதபோது, உயர்சாதிச் சிறுவர்களும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே மாதிரிச் சிறுவர்கள்தான், அதே புதிர்தான். "நம்மைப் பற்றி இங்கே என்ன நினைக்கிறார்கள்" என்ற எண்ணம் உள்ளே புகுந்தால் கை நடுங்கும், மனம் கணக்கில் நிற்காது, நியாயமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கையும் போய்விடும்.

இப்போது இதை ஒரு டீமுக்குள் வைத்துப் பாருங்கள். ஒருவர் பேசினால் மட்டும் டீம் லீட் லேப்டாப்பைப் பார்க்கிறார். அவர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் வர இரண்டு நாள் ஆகிறது. எல்லோரும் பேசும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை, அதனால் தகவல் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. ஆறு மாதம் கழித்து அப்ரைசல் படிவத்தில் "தகவல் தொடர்புத் திறன் போதாது, தானாக முன்வந்து செயல்படுவதில்லை" என்று எழுதுகிறார்கள். எழுதியது அன்றைய நிலவரப்படி உண்மையாகவும் இருக்கும்.

இதுவரை பார்த்தது: முன்முடிவு ஆளை மதிப்பிடுவதோடு நிற்பதில்லை. அது அவரை நடத்தும் விதத்தை மாற்றுகிறது, அந்த நடத்தை அவர் செயல்திறனைக் குறைக்கிறது, அந்தக் குறைவு முன்முடிவுக்குச் சான்றாகத் திரும்பி வருகிறது.

## அதிகாரமும் உள்ளே இருக்கும் பயமும்

சரி, எல்லோருக்குள்ளும் முன்முடிவு இருந்தால் எல்லோரும் ஏன் துன்புறுத்துவதில்லை? சிலர் மட்டும் ஏன் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாள்தோறும் மட்டம் தட்டுகிறார்கள்?

தன்னம்பிக்கை தலைக்கேறியவர்தான் அப்படிச் செய்வார் என்று நினைக்கிறோம். நத்தானியேல் ஃபாஸ்ட், செரீனா சென் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைத் தந்தது. அதிகாரம் மட்டும் ஒருவரை மூர்க்கமாக்கவில்லை. திறமை போதவில்லை என்ற உணர்வு மட்டும் இருந்தாலும் ஆக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோதுதான் மற்றவர்கள்மேல் பாயும் போக்கு கூடியது. பெரிய நாற்காலியில் இருக்கிறோம், ஆனால் அதற்கு நாம் பத்தவில்லை என்ற பயம். அவர்களின் தன்மதிப்பைத் தூக்கிவிடும்படி ஏதாவது செய்தபோது அந்த மூர்க்கம் தணிந்தது.

அந்தப் பயம் ஏன் குறிப்பிட்ட ஆள்மேல் இறங்குகிறது? 1997-இல் ஃபைன், ஸ்பென்சர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களுக்கு ஓர் அறிவுத்திறன் தேர்வு வைத்து, சிலரிடம் "மிக மோசமாகச் செய்திருக்கிறீர்கள்" என்று பொய்யாகச் சொன்னார்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணை மதிப்பிடச் சொன்னார்கள். அவமானப்பட்டிருந்தவர்கள், அந்தப் பெண் யூதர் என்று தெரிந்தபோது கூடுதலாக மட்டம் தட்டினார்கள். தட்டிய பிறகு அவர்களின் தன்மதிப்பு உயர்ந்தது. மட்டம் தட்டுவதற்குப் பலன் இருந்தது, உடனடிப் பலன். அதனால்தான் அது பழக்கமாகிறது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் பல அலுவலகக் கதைகள் புரிந்துவிடும். மேலதிகாரியிடம் மீட்டிங்கில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார் ஒரு சூப்பர்வைசர். அந்த வலியை மேலே காட்ட முடியாது. கீழே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் யாரிடம் காட்டினால் எதிர்ப்பு வராது, யாருக்காக மற்றவர்கள் பேசமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர் அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கிறார். பல சமயம் அவர் திறமையில் குறைந்தவராகவும் இருக்கமாட்டார். நன்றாக வேலை தெரிந்தவர் கீழே இருப்பதே சில மேலதிகாரிகளுக்குத் தினசரி அவமானமாக உறுத்தும்.

பயத்தைப் புரிந்துகொள்வது மன்னிப்பு வழங்குவது ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயம் எல்லோருக்கும் உண்டு. அதை இன்னொருவர் முதுகில் இறக்குவது அவர் எடுக்கும் முடிவு.

## பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

ஒரு மேலதிகாரி தனியாக ஒருவரை ஆறு மாதம் ஒதுக்கிவைக்க முடியாது. சுற்றியிருப்பவர்கள் ஒத்துப்போக வேண்டும். ஏன் ஒத்துப்போகிறார்கள்?

லத்தானே, டார்லி என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட சோதனையில், ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் இருக்கும்போது சுவர்த் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கூட இருந்த இருவர் (ஆய்வாளர்களின் ஆட்கள்) எதுவும் நடக்காததுபோல எழுதிக்கொண்டே இருந்தபோது, 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள். மற்றவர்கள் அமைதியாக இருந்தால், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துவிடுகிறார்கள். மீட்டிங்கில் ஒருவரைக் கிழிக்கும்போது எல்லோரும் குனிந்து நோட்டில் எழுதுகிறார்களே, அங்கேயும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் உள்ளே உறுத்துகிறது. தனக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்றே ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

அதற்கு அடுத்த கட்டம் இன்னும் கொடியது. மெல்வின் லெர்னர் 1966-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்அதிர்ச்சி வாங்குவதைப் பார்க்கச் சொன்னார். அது நடிப்பு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அதிர்ச்சியை நிறுத்தும் வழி இருந்தபோது அந்தப் பெண்மேல் இரக்கம் இருந்தது. அவள் துன்பம் தொடரும் என்று சொல்லப்பட்டபோதோ, பார்த்தவர்கள் அவளையே குறைவாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமானது, அவரவருக்கு உரியதுதான் கிடைக்கிறது என்று நம்ப மனம் விரும்புகிறது. இதை நீதியுலக நம்பிக்கை என்று சொல்லலாம். கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைத் தடுக்க முடியாதபோது, அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற ஒரு குறுக்குவழி இருக்கிறது: "இவரும் ஏதாவது செய்திருப்பார்."

கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்ன "நிமிர்ந்து பேசியிருக்கலாம்" என்பது இந்தக் குறுக்குவழியில் பிறந்தது. இதோடு சொற்களும் உதவிக்கு வரும். ஒருவரின் கறுப்பு நிறத்தையும் ஆங்கில உச்சரிப்பையும் தினமும் கேலி செய்வதற்குப் பெயர் "சும்மா கலாய்ச்சோம்". கண்ணீர் வரும்வரை திட்டுவதற்குப் பெயர் "வேலை வாங்கத் தெரிந்தவர்". கொடுமைக்கு இனிய பெயர் வைத்தால் மனசாட்சி தூங்கிவிடும் என்பதை ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார்.

## நிறுவனமே செய்யும்போது

பிரான்ஸ் நாட்டின் தொலைபேசி நிறுவனமான பிரான்ஸ் டெலிகாமின் வழக்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஏறக்குறைய 22,000 பேரைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்த நிர்வாகம், அவர்களாகவே வெளியேறும்படி நெருக்கியது. ஊரைவிட்டு ஊருக்கு மாற்றல், தெரியாத வேலை, வேலையே கொடுக்காமல் வைப்பது. வாசல் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ அவர்களை வெளியேற்றுவேன் என்று தலைவர் டிடியே லோம்பார் 2006-இல் அதிகாரிகள் கூட்டத்திலேயே சொன்னார். வழக்கில் ஆராயப்பட்டவற்றில் 19 தற்கொலைகள் இருந்தன. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் லோம்பாரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

இங்கே கொடுமை செய்தவர்களில் பலர் இடைநிலை மேலாளர்கள். அவர்களுக்கும் இலக்கு இருந்தது, பயம் இருந்தது. "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்ற மிரட்டலை நாமும் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

## எது பலன் தருகிறது

டீம் அவுட்டிங் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு அணிகளாகப் பிரித்து, போட்டி வைத்துப் பகையாக்கிப் பார்த்தார். பிறகு ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது சாப்பாட்டை வீசிக்கொண்டார்கள். முகாமின் தண்ணீர் நின்றுபோய் இரு அணியும் சேர்ந்து தேட வேண்டி வந்தது, பழுதாகி நின்ற லாரியை எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பிறகுதான் வட்டங்கள் கரைந்தன. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளரும் அதே 1954-இல் இதையே சொன்னார்: சமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிருப்பவர்களின் ஆதரவு இருக்கும்போதுதான் பழக்கம் முன்முடிவைக் குறைக்கும். ஆக ஒருநாள் ரிசார்ட்டைவிட, ஒப்பந்த ஊழியரையும் நிரந்தர ஊழியரையும் ஒரே பொறுப்பில் சமமாக உட்காரவைப்பதே அதிகம் வேலை செய்யும்.

ஆள் எடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போட வேண்டும். குடும்பப் பின்னணிக் கேள்வியை எடுத்துவிட வேண்டும். "செட் ஆகல" என்ற உணர்வு நுழையும் இடுக்கு அப்படித்தான் சிறிதாகும்.

கூட இருப்பவர்கள் பெரிய வீரம் காட்ட வேண்டியதில்லை. "சார், அவங்க சொல்லி முடிச்சிடட்டும்" என்று மீட்டிங்கில் ஒரு வரி போதும். அதுகூட முடியாவிட்டால், வெளியே வந்ததும் "அங்க நடந்தது தப்பு, நானும் பார்த்தேன்" என்று அவரிடம் சொல்லுங்கள். தன்மேல்தான் தப்போ என்று புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த வரி எவ்வளவு பெரியது என்பது சொல்கிறவருக்குத் தெரியாது.

இந்தியாவில் பணியிடத் துன்புறுத்தலுக்கென்று தனியான பொதுச் சட்டம் இல்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் அந்தக் கெடுவை நீட்டிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்கள்மேல் நடக்கும் சாதி இழிவுக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மற்றவற்றுக்கு நிறுவனத்தின் சொந்த விதிமுறையைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைச் சட்டம் நிரப்பியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது இதை அனுபவித்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால், இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள் அப்படியே, யார் யார் கூட இருந்தார்கள். ஒருநாள் நிகழ்வு சின்னதாகத் தெரியும். மாதக்கணக்கில் வரிசையாக எழுதிய குறிப்பைப் பார்க்கும்போதுதான் அது தொடர்ந்து நடப்பது விசாரிப்பவருக்குத் தெரியும். குறிப்பை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். தூக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சு படபடத்து, வாழ்வே வெறுத்துப்போகும் நிலை வந்தால், புகாருக்கு முன்பு உங்கள் உடம்பையும் மனதையும் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.